முப்பத்தாறாவது அறை: ஒரு குங்ஃபூ படம் தன் முழு உருவத்துக்குத் திரும்பிய வழி

1978-இல் ஹாங்காங்கில் வெளியான 'ஷாவோலினின் 36-வது அறை' குங்ஃபூ படங்களில் தனி இடம் பெற்றது. ஷா பிரதர்ஸ் தயாரிப்பு, லாவ் கார்-லியுங் இயக்கம், நி குவாங் எழுத்து. நாயகன் கோர்டன் லியு, எதிரியாக வரும் தளபதி லோ லியே. இந்த விவரங்கள் எங்கும் கிடைக்கும். அடுத்த நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அந்தப் படத்துக்கு என்ன ஆனது என்பது அவ்வளவு எளிதில் கிடைக்காது. கேசட்டாகவும், தொலைக்காட்சிப் பிரதியாகவும், டிவிடியாகவும், புளூ-ரேயாகவும் அது வந்தது. அவற்றில் பல, படத்திலிருந்து எதையோ ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வந்தன. முதலில் அகலம் போனது, பிறகு ஒலி, பிறகு வேகம். ஒவ்வொன்றும் எப்படிப் போனது, எப்படித் திரும்பியது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை. பழைய படத்தைச் 'சுத்தம் செய்வது' ஒரு வேலை, அதை 'மீட்பது' வேறொரு வேலை. இந்தப் படத்தை வைத்து அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட முடியும் என்று நம்புகிறேன்.

படத்தில் என்ன இருக்கிறது

கதை சின்னது. சீனாவை ஆண்ட மஞ்சு அரசுக்கு எதிரான ரகசியக் குழுவில் ஓர் ஆசிரியர், அவரிடம் படிக்கும் இளைஞன் ஒருவன். குழு பிடிபடுகிறது, நெருங்கியவர்கள் கொல்லப்படுகிறார்கள், காயத்தோடு தப்பிய இளைஞன் ஷாவோலின் மடத்துக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே சான் தே என்ற பெயரில் துறவியாகி, மடத்தின் 35 அறைகளிலும் பயிற்சி பெறுகிறான். முடித்ததும், வெளியுலக மக்களுக்கும் இந்தக் கலையைக் கற்றுத்தர 36-வதாக ஓர் அறை வேண்டும் என்கிறான்.

வழக்கமான பழிவாங்கும் படமாக இருந்தால் பயிற்சி ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இங்கே படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சிதான். சண்டைகூட ஓரமாக நிற்கிறது. தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளின் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகலாம். தாண்டத் தெரியாதவன் விழுந்து நனைந்து பட்டினி கிடப்பான். இன்னொரு இடத்தில் இரு கைகளையும் நீட்டித் தண்ணீர் வாளிகளைச் சுமந்து சரிவில் ஏற வேண்டும். கைகளில் கத்திகள் கட்டியிருப்பதால், கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். மற்றோர் அறையில் நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் கனமான சுத்தி. கம்பின் அடியைப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டு வலுவால் அதைத் தூக்கி, துறவி தட்டும் தாளத்துக்கு ஏற்ப மணியை அடிக்க வேண்டும். வேறோர் அறையில் தலையின் இருபுறமும் பெரிய ஊதுவத்திகள் எரிந்துகொண்டிருக்க, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்தி, ஆடும் விளக்கைத் தொடர வேண்டும்.

இந்தக் காட்சிகளுக்குப் பின்னால் ஒரு பரம்பரை இருக்கிறது. லாவ் கார்-லியுங்கின் தந்தை லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங் புகழ்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். லாவ் சாமிடம் பயின்ற கோர்டன் லியு அந்தக் குடும்பத்துப் பிள்ளையாகவே வளர்ந்தவர். இயக்குநராவதற்கு முன் லாவ் பல ஆண்டுகள் இயக்குநர் சாங் செயின் படங்களுக்குச் சண்டை அமைத்தார். 1975-இல்தான் தனியாக இயக்கத் தொடங்கினார். சண்டைப் பயிற்சியாளர் நாற்காலியிலிருந்து இயக்குநர் நாற்காலிக்கு வந்தவர் என்பதால், ஓர் உடல் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் விதத்தைப் பொறுமையாகக் காட்ட அவருக்குத் தெரிந்திருந்தது. ஆளின் தலை முதல் கால் வரை படச் சட்டத்துக்குள் (பிரேம்) வைத்தார். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது, அடி எங்கே முடிகிறது என்று எல்லாம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் பயிற்சிக்கே பொருள் இல்லை.

இந்தப் படத்துக்கு வந்த கெட்ட பிரதிகள் தாக்கியது சரியாக இந்த இடத்தைத்தான்.

முதல் இழப்பு: அகலம்

படம் ஷாஸ்கோப்பில் எடுக்கப்பட்டது. சினிமாஸ்கோப் போலவே, படமெடுக்கும்போது லென்ஸ் பக்கவாட்டில் பிம்பத்தைப் பாதியாகச் சுருக்கும். திரையிடும்போது அது மறுபடி விரிந்து, உயரத்தைப்போல் ஏறத்தாழ 2.35 மடங்கு அகலமாகத் தெரியும். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் திரை 1.33 மடங்குதான். பெட்டி நிரம்ப வேண்டும் என்றால் பக்கங்களை வெட்ட வேண்டும். கணக்குப் போட்டால் நூற்றில் நாற்பதுக்கும் மேல் போய்விடும். மீதியுள்ள பகுதியில் எதைக் காட்டுவது என்று பிரதி எடுக்கும் இடத்தில் யாரோ ஒருவர் முடிவு செய்து, சட்டத்தை இடமும் வலமும் நகர்த்துவார்.

மூங்கில் கம்பு காட்சியை அப்படி வெட்டிப் பாருங்கள். கம்பின் அடியைப் பிடித்த கை ஒரு பக்கம், மணி மறுபக்கம். கையைக் காட்டினால் மணி இல்லை, மணியைக் காட்டினால் கை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் அந்தப் பயிற்சியின் கடினம். தூரம் போனபிறகு மிஞ்சுவது, ஒருவர் முகத்தைச் சுளிப்பதும் எங்கோ மணி அடிப்பதும் மட்டுமே. மடத்தின் தலைமைத் துறவிகளில் ஒருவருடன் சான் தே மோதும் காட்சிகளும் அப்படித்தான். எதிராளி கையில் இரட்டைக் கத்தி. திரும்பத் திரும்பத் தோற்றபின், மூங்கில் காட்டில் கிடைத்த யோசனையால் சான் தே மூன்று துண்டுக் கோலை உருவாக்குகிறான். அந்தக் கோல் விரிந்தால் ஆளைவிட நீளம், மடிந்தால் முழங்கை அளவு. அகலத் திரையில் அது விரிவதைப் பார்க்காமல், அது ஏன் வெல்கிறது என்று புரியாது.

அமெரிக்காவில் வேர்ல்டு நார்தல் நிறுவனம் இதை 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரில் ஆங்கில டப்பிங்குடன் திரையிட்டது. 1980-களில் அதே நிறுவனத்தின் குங்ஃபூ படத் தொகுப்புகள் வார இறுதிகளில் தொலைக்காட்சியில் ஓடின. வெட்டுப்பட்ட, மங்கிய, டப்பிங் செய்யப்பட்ட அந்த வடிவத்தில்தான் நியூயார்க்கின் ஒரு தலைமுறை இந்தப் படத்தைப் பார்த்தது. அவர்களில் ஒருவர் ராப் இசைக் கலைஞர் ரிஸ்ஸா. 1993-இல் அவருடைய வூ-டாங் கிளான் என்ற ஹிப்-ஹாப் குழு வெளியிட்ட முதல் ஆல்பத்தின் பெயரிலேயே 36 அறைகள் இருக்கின்றன. இத்தனை சிதைந்தும் படத்தின் சாரம் ஒருவரைப் போய்ச் சேர்ந்தது என்பது லாவின் திறமைக்குச் சான்று. அதைக் காட்டி அந்தப் பிரதிகளை நியாயப்படுத்த முடியாது.

பெட்டகத்தில் கிடந்த ஆண்டுகள்

இதற்கிடையே ஹாங்காங்கில் அசல் நெகட்டிவ் எங்கே இருந்தது? கிளியர்வாட்டர் பே-யில் 1961-இல் திறக்கப்பட்ட ஷா பிரதர்ஸின் பிரம்மாண்டப் படப்பிடிப்பு வளாகத்தில். 1980-களின் நடுவில் நிறுவனம் படத் தயாரிப்பைக் கிட்டத்தட்ட நிறுத்தியது. நிறுவனத் தலைவர் ரன் ரன் ஷாவின் கவனம் டிவிபி தொலைக்காட்சிக்குப் போனது. நூற்றுக்கணக்கான படங்கள் பெட்டகத்தில் தங்கிவிட்டன. நல்ல தரத்தில் முறையான வீடியோ வெளியீடு ஏறத்தாழ இல்லை. பார்க்க விரும்பியவர்களுக்குக் கிடைத்தது, கள்ளப் பிரதிகளிலிருந்து எடுத்த கள்ளப் பிரதிகள்.

பெட்டகத்தில் இருப்பதால் படம் பாதுகாப்பாக இருக்கிறது என்று எண்ணக் கூடாது. அசிடேட் சுருளுக்கு வெப்பமும் ஈரமும் எதிரி. கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வரும், சுருங்கும், வளையும். வண்ணச் சாயங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலமும் பச்சையும் தேய்ந்து, சிவப்பேறிப்போன பழைய பிரிண்டுகளை நம் ஊர்த் திரையரங்குகளிலும் பார்த்திருப்போம். ஹாங்காங்கோ ஆண்டின் பெரும்பகுதி புழுக்கமான ஊர்.

2000-இல் நிலைமை மாறியது. செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் ஷா பிரதர்ஸின் 760 படங்களின் உரிமையை வாங்கியது. அந்த நிறுவனத்துக்குப் பின்னால் இருந்தவர் மலேசியத் தமிழரான ஆனந்த கிருஷ்ணன். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, மேக்சிஸ் தொலைபேசி நிறுவனம், ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி ஆகியவற்றை உருவாக்கி, 2024 நவம்பரில் மறைந்தவர். செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு நிறையப் படங்கள் தேவைப்பட்டன. அந்த வணிகத் தேவைதான் உலகின் மிகப் பெரிய குங்ஃபூ களஞ்சியத்தைத் திறந்துவிட்டது. ஷா சகோதரர்களுக்கும் தமிழர்களுக்கும் தொடர்பு அதற்கும் முந்தையது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் அவர்கள் நடத்திய மலாய்ப் படப்பிடிப்பு நிலையத்தில் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் போன்றவர்கள் இயக்குநர்களாக இருந்தார்கள். ஹாங்காங் குங்ஃபூ படங்களைத் தூரத்து விஷயமாக நினைக்கிறவர்கள் இந்தக் கடல்வழிப் பழக்கத்தையும் நினைவில் வைக்கலாம்.

இரண்டாம், மூன்றாம் இழப்புகள்: ஒலியும் வேகமும்

2002-இன் இறுதியில் செலஸ்டியலின் டிவிடிகள் ஹாங்காங்கில் வரத் தொடங்கின. அசல் நெகட்டிவிலிருந்து, முழு அகலத்தில், சரியான சப்டைட்டிலுடன். பதினைந்து இருபது ஆண்டுகளாக மங்கிய கேசட்டை மட்டுமே பார்த்த ரசிகர்களுக்கு அது பெருவிருந்து. படத்தின் அகலம் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே செலஸ்டியலுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். அவர்கள் வாங்கியிருக்காவிட்டால் அந்த நெகட்டிவ்களில் எத்தனை தப்பியிருக்கும் என்று யோசிக்கவே அச்சமாக இருக்கிறது.

ஆனால் அவர்கள் அந்தப் படங்களை 2002-ஆம் ஆண்டின் ஹோம் தியேட்டர் வாடிக்கையாளருக்கு ஏற்றதாக மாற்ற முயன்றார்கள். பல படங்களுக்கு 5.1 ஒலி (பல ஒலிபெருக்கிகளில் சுற்றிலும் கேட்பது) புதிதாகச் சேர்க்கப்பட்டது. சில இடங்களில் புதிய அடி ஓசைகள், புதிய காற்றோசை, புதிய காலடிகள். இது ஏன் தவறு என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஷா பிரதர்ஸ் படங்களில் படப்பிடிப்பின்போது ஒலி பதிவு செய்யப்படவில்லை. குரல், அடி, துணி படபடக்கும் சத்தம் என்று அனைத்தும் பிறகு ஸ்டுடியோவில் உருவாக்கப்பட்டவை. ஆகவே அந்த மோனோ (ஒற்றைத் தட) ஒலித்தடம் ஏதோ பழைய காலத்து வசதிக் குறைவு என்று கழித்துவிடக் கூடியதல்ல. அதுவே முழுமையாகச் செய்யப்பட்ட ஒரு படைப்பு. எந்த அடிக்கு உலர்ந்த மரச் சத்தம், எந்த அடிக்குத் தோல் சத்தம், எங்கே மௌனம் என்பதை ஒலிப்பதிவாளர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இசைக்கும் அப்படியே. லண்டனின் டி வுல்ஃப் இசை நூலகத்தில் ஆயத்தமாக இருந்த இசைத் துண்டுகளை ஷா பிரதர்ஸ் தாராளமாகப் பயன்படுத்தியது. அவற்றை வெட்டி ஒட்டிய இடங்களே அந்தப் படங்களின் நாடித்துடிப்பு.

மணி அடிக்கும் அறையில் துறவி தாளம் தட்டுகிறார், சான் தே தாளத்தைத் தவறவிடுகிறான், மெல்லப் பிடிக்கிறான். அவன் முன்னேறுவதை நாம் காதால்தான் அறிகிறோம். அந்த ஒலிகளின் இடத்தையும் கனத்தையும் மாற்றினால், காட்சியைத் தொட்டுவிட்டதாகவே பொருள்.

மூன்றாவது கோளாறு கண்ணுக்கு எளிதில் புலப்படாதது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள். ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் இருந்த பிஏஎல் முறையில் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டங்களாக ஓடியது. அந்த முறைக்காக எடுத்த பிரதி 4 விழுக்காடு வேகமாக ஓடும். ஏறத்தாழ 115 நிமிடப் படத்தில் நான்கரை நிமிடம் காணாமல் போகும். எந்தக் காட்சியும் வெட்டப்பட்டிருக்காது, ஆனால் எல்லாமே சற்று அவசரமாக நடக்கும், குரல்கள் சற்று உயரும். அந்தப் பிரதியிலிருந்தே அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி முறைக்கான வட்டும் தயாரித்தால், சட்டங்களைக் கலந்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டியிருக்கும். அப்போது வேகமாக நகரும் எதற்கும் ஆவி போன்ற ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். காதல் படத்தில் அது கவனத்துக்கு வராமலே போகலாம். இரண்டு கைகள் நொடிக்குப் பலமுறை மோதும் காட்சியில், எந்தக் கை எங்கே இருக்கிறது என்பதே கலங்கிவிடும். செலஸ்டியல் வழியாக வந்த ஆரம்பகால ஹாங்காங் டிவிடிகள் மீது ரசிகர்கள் வைத்த முதன்மையான குறை இதுதான். அந்தக் குறையை நான் முழுமையாக ஏற்கிறேன். தன் தொழிலின் துல்லியத்தைக் காட்டுவதற்காகவே படமெடுத்த ஒருவரின் படைப்பில் துல்லியம் போனால் மிச்சம் என்ன?

2007: இடைப்பட்ட நிலையம்

அமெரிக்காவில் டிராகன் டைனஸ்டி என்ற பெயரில் 2007-இல் வந்த டிவிடி பலருக்கு முதல் நல்ல பிரதி. படத்தின் மூல மொழியான மாண்டரின் (சீன மொழி) தடத்துடன் ஆங்கில டப்பிங்கும் இருந்தது. ரிஸ்ஸாவும் விமர்சகர் ஆண்டி கிளைனும் சேர்ந்து பேசிய வர்ணனைத் தடமும் இருந்தது. வட்டின் தரத்தைவிட அந்த வர்ணனையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்த படம் தன் வாழ்க்கையில் என்ன செய்தது என்று ஒருவர் படம் முழுக்கப் பேசுவது, ஆய்வாளர் தரும் தகவல்களைப்போலவே வரலாற்று ஆவணம். அந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்ட நேர்காணல்களின் மதிப்பு இப்போது இன்னும் கூடியிருக்கிறது. லாவ் கார்-லியுங் 2013 ஜூனில் காலமானார். அவர் எதற்காகக் கேமராவை எங்கே வைத்தார் என்று இனி யாரும் அவரிடம் கேட்க முடியாது.

2022: நெகட்டிவுக்குத் திரும்புதல்

பிரிட்டனின் ஏரோ வீடியோ 2021 இறுதியில் 'ஷாஸ்கோப்' என்ற பெயரில் 12 ஷா பிரதர்ஸ் படங்களின் புளூ-ரே தொகுப்பை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தொகுப்பில் 14 படங்கள். அதன் முதல் படம் '36-வது அறை'. 1980-லும் 1985-லும் வந்த தொடர்ச்சிப் படங்கள் இரண்டும் அதிலேயே உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது வேலை செய்த முறையை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு தயாரான பழைய மாஸ்டரை (மற்றப் பிரதிகளுக்கு மூலமான பதிவை) எடுத்து மெருகேற்றாமல், நெகட்டிவுக்குத் திரும்பிப் போய் 2கே தரத்தில் புதிதாக மீட்டார்கள். படம் நொடிக்கு 24 சட்டங்களாகவே ஓடுகிறது. நிழல் இல்லை, அவசரம் இல்லை. ஒலியில் அசல் மோனோ. டி வுல்ஃப் இசைத் துண்டுகளைத் தேடி எடுத்துத் தனி இசைத் தட்டாகவும் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள். பின்னணி இசையைக் கூட அதன் மூலத்திலிருந்து கொண்டுவந்த அக்கறை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

புதிய பிரதியில் சுருளுக்கே உரிய நுண்புள்ளிகள் (கிரெய்ன்) தெரிகின்றன. சிலர் இதைக் குறை என்பார்கள். பழைய டிஜிட்டல் மாஸ்டர்களில் புள்ளிகளைத் துடைக்கும் மென்பொருளை அதிகமாக ஓட்டியதால், தோல் மெழுகுபோல் வழவழப்பாகியிருந்தது உண்டு. வியர்வை, தூசு, காவித் துணியின் நெசவு எல்லாம் அந்தப் புள்ளிகளோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும். உடல் உழைப்பைக் காட்டும் படத்தில் வியர்வையைத் துடைக்கலாமா? ஊதுவத்தி அறைக் காட்சி இருளும் சிறு ஒளியும் சேர்ந்தது. இருளை வெளுக்கச் செய்தால் விளக்கின் ஆட்டம் எடுபடாது. கறுப்பைக் கறுப்பாக விட்டு, சுடரைச் சுடராக விட்டால்தான் கண்கள் மட்டும் நகர்வது நமக்குப் புலப்படும். தெளிவு கூடும்போது ஸ்டுடியோச் சுவரில் தீட்டிய வானமும் தெரிகிறது, உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை. 1978-இல் கிளியர்வாட்டர் பே-யில் எத்தனை பேர் கையால் அந்த உலகத்தைக் கட்டினார்கள் என்பதற்கு அது அடையாளம்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இத்தனை கவனத்துடன் செய்த வேலை விலை உயர்ந்த பெரிய பெட்டிகளாக, குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் விற்கப்படுகிறது. இணைய ஓடைகளில் கிடைக்கும் பிரதி எந்த மாஸ்டரிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லப்படுவதே இல்லை. ஒரே பெயரில் மூன்று விதமான படங்கள் உலவுகின்றன. புதிதாகப் பார்ப்பவர் தன் முன் இருப்பது எதுவென்று அறியாமலே 'பழைய படம், அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடுகிறார்.

எதைப் பார்ப்பது

கையில் கிடைத்த பிரதியைச் சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் இருக்க வேண்டும், படம் பெட்டியை நிரப்பினால் பக்கங்கள் போய்விட்டன. ஓடும் நேரம் 115 நிமிடத்தை ஒட்டி இருக்கிறதா, 110-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் பெரும்பாலும் வேகம் கூட்டிய பிரதி. மூன்று துண்டுக் கோல் சுழலும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒரே கோலுக்கு இரண்டு உருவம் தெரிந்தால் சட்டங்கள் கலந்திருக்கின்றன. மாண்டரின் மோனோ தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஆங்கில டப்பிங்கை மட்டும் யாரும் தூக்கி எறிய வேண்டாம் என்பேன். அது மூலம் அல்ல, உதட்டசைவோடு பொருந்தாது, மொழிபெயர்ப்பும் முரடானது. ஆனாலும் நியூயார்க்கின் சிறுவர்கள் கேட்டது அந்தக் குரல்களைத்தான். குங்ஃபூ படங்களின் டப்பிங் வசனங்கள் பிறகு வூ-டாங் கிளானின் பாடல்களுக்கு நடுவே புகுந்து வேறொரு கலையின் பகுதியாயின. நல்ல வெளியீடு மாண்டரின் தடத்தை முதலில் வைக்கும், டப்பிங்கையும் பக்கத்தில் வைக்கும், எது எப்போது யாரால் செய்யப்பட்டது என்று உறையிலேயே எழுதும். அந்த மூன்றாவது வேலையைப் பெரும்பாலான நிறுவனங்கள் இன்னும் ஒழுங்காகச் செய்வதில்லை.